மில் சத்தம் எட்டாத வீடு

கோரமண்டல் லைன், கோலார் தங்கவயல்
12 ஜூன் 1904

கர்த்தருக்குள் பிரியமான ஐடா அக்காவுக்கு,

தங்கை ஜெயசீலி எழுதிக்கொண்டது. நானும் இவரும் தேவகிருபையால் சுகம். உன் சுகத்துக்கும், உன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் சுகத்துக்கும் எழுது. வாலாஜாவில் மழை உண்டா? இங்கே புழுதிதான் பெய்கிறது.

குழந்தை ஓபேத்தும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று மாதம் முடிந்துவிட்டது. குடிக்கிற பாலில் பாதி என் தோளுக்கு, கால்வாசி பாய்க்கு, மிச்சம்தான் அவனுக்கு. போன ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் ஐயா ஆசையாகத் தூக்கினார். அவருடைய அங்கி மேலே தாராளமாகக் கக்கிவிட்டான். போதகர் சிரித்தார். போதகரம்மா சிரிக்கவில்லை.

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர மனசு சரியில்லை அக்கா. பால் குடித்ததும் முதுகை வளைத்துக்கொண்டு அலறுகிறான். பசிக்கு அழுகிறானா வலிக்கு அழுகிறானா என்று தெரியவில்லை. வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வந்து விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் குடல் தட்டினாள். அவள் மேலேயும் கக்கினான்.

எங்கள் லைன் வீடுகள் மில்லுக்கு ரொம்பக் கிட்டே என்பது உனக்குத் தெரியும். தங்கப்பாறையை இடிக்கிற உலக்கைகள் ராவும் பகலும் ஓயாமல் விழுகின்றன. செம்பில் வைத்த தண்ணீர் தானாக நடுங்குகிறது. பாப்பம்மா சொல்கிறாள்: “இன்னாம்மா சீலி, பூமியே ஆடிக்கினு கீது. புள்ள வயித்துல பாலு எப்டி நிக்கும்? மில்லு சத்தம் கேக்காத ஊருக்கு இட்டுக்கினு போனாத்தான் தங்கும்.” இங்கே ஒரு குழந்தை கக்கினால் யாரும் என்ன கொடுத்தாய் என்று கேட்பதில்லை. மில்லுக்கு எத்தனை வீடு தள்ளி என்றுதான் கேட்கிறார்கள். ஊருக்கு அனுப்பிய குழந்தைகளெல்லாம் தேறிவிட்டனவாம்.

நீ படித்தவள். இது நிஜமா என்று எழுது.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்
சீலி

வாலாஜா
24 ஜூன் 1904

அன்புள்ள சீலிக்கு அக்கா ஐடாவின் ஆசீர்வாதம். நான் சுகம். ஏனோக் தம்பிக்கு என் வாழ்த்துதல்களைச் சொல். குழந்தைக்கு என் முத்தம்.

குழந்தையைத் தலைகீழாகத் தூக்க விடாதே. இனி அந்த அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால் கதவைச் சாத்து. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. கொடுத்ததும் தூளியில் போடாதே. தோளில் நிமிர்த்திச் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டு. ஏப்பம் வந்தபிறகும் கொஞ்சநேரம் அப்படியே வைத்திரு. உனக்குப் பொறுமை கிடையாது, அதனால் இரண்டு தரம் எழுதுகிறேன்: தூளியில் போடாதே.

மில் விஷயம் எனக்குத் தெரியாது. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது என் தலைமாட்டில் வைத்த மூக்குக்கண்ணாடி காலையில் பாயோரம் நகர்ந்திருந்தது. பெரியவளுக்கே தலை கிறுகிறுத்தது, பிஞ்சு வயிறு என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டேன்.

உன் அத்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் இந்த வீட்டில் பல்லி கத்தினாலும் கேட்கிறது. அவ்வளவு அமைதி. சும்மா சொன்னேன்.

உன் அக்கா
ஐடா

கோரமண்டல் லைன்
17 ஜூலை 1904

பிரியமான அக்காவுக்குச் சீலி எழுதிக்கொண்டது. உன் சுகத்துக்கு எழுது. எங்கள் சுகத்தை இனிமேல்தான் எழுதவேண்டும்.

போன செவ்வாய் சுரங்கத்துக்குள்ளே மரம் முட்டுக் கொடுக்கும்போது கட்டை ஒன்று நழுவி இவர் கால்மேல் விழுந்துவிட்டது. கேஜ் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் பலகை வைத்துக் கட்டி, நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். “உசுருக்கு ஒண்ணும் பயமில்லம்மா, எலும்பு கூடிக்கும்” என்றார்கள். கூடுகிறவரை எழுந்திருக்கக்கூடாது. ஒண்ணுக்குப் போவதற்குக்கூட நான்தான் பிடிக்கவேண்டும்.

நீ சொன்னபடியே தோளில் வைத்துத் தட்டினேன் அக்கா. சத்தியமாகத் தட்டினேன். நாலு நாள் கொஞ்சம் தேவலை. இவர் கால் உடைந்து வந்த அன்றைக்கு எங்கே தோளில் வைப்பது? பால் கொடுத்ததும் கீழே போட்டுவிட்டு இவரிடம் ஓடினேன். திரும்பி வந்தபோது வாயாலும் மூக்காலும் பால் வந்து, மூச்சு அடைத்து, முகம் கறுத்துக் கிடந்தான். பாப்பம்மா வாரியெடுத்து முதுகில் அறைந்திராவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இவர் ஒரே சொல்லாக நிற்கிறார். “வாலாஜா அண்ணியாண்ட அனுப்பிடு சீலி. மில்லு சத்தம் இல்லாத எடத்துல பொழச்சிக்கட்டும். நானு எழுந்து நடந்தா இட்டுக்கினு வந்துடலாம்.” நானும் கூட வந்துவிடுவேன். இவரை யாரிடம் விட்டு வருவது? கட்டிலில் கிடக்கிற ஆளை லைனில் எவள் பார்ப்பாள்?

வந்து கொண்டுபோ அக்கா. என் மனசு மாறுவதற்குள் வா.

சீலி

வாலாஜா
6 ஆகஸ்ட் 1904

அன்புள்ள சீலிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். ஏனோக் தம்பி கால் எப்படியிருக்கிறது என்று எழுதவும்.

மாரிக்குப்பம் ரயிலடியில் நீ நின்ற நிலை என் கண்ணிலேயே இருக்கிறது, அதனால் முதலில் உனக்கு வேண்டிய செய்தி. ஜோலார்பேட்டையில் வண்டி மாறும்வரை அழுதான். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். மிஷன் கம்பவுண்டில் மார்த்தாள் என்று ஒருத்தி கைக்குழந்தைக்காரி இருக்கிறாள். நல்ல பால், நல்ல மனசு. முதல்நாள் முகத்தைத் திருப்பினான், மறுநாள் குடித்தான்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாளிடம் காட்டினேன். வயிற்றை அமுக்கிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆகையால் நீயும் பயப்படாதே.

ஐடா

கோரமண்டல் லைன்
21 ஆகஸ்ட் 1904

பிரியமான அக்காவுக்கு,

இவர் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நான் சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பாப்பம்மா ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கிவந்து மார்மேல் வைத்துக் கட்டினாள். அப்படிக் கட்டினால் வற்றிவிடும். வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணந்தது. இவர் கட்டிலில் கிடந்தபடி, “யாருக்கு இவ்ளோ பூவு?” என்றார். சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் கட்டிய பூவையும் மீறிச் சுரக்கிறது. யார் பிள்ளை என்று அதற்குத் தெரியவில்லை. பூவை மாற்றி மாற்றிக் கட்டுகிறேன்.

அவன் உன் விரலைப் பிடித்ததை எழுதினாய், மார்த்தாளை எழுதினாய். கக்குகிறானா இல்லையா என்று எழுதவில்லை. அந்த ஒன்றை எழுது அக்கா. அவன் பாலைத் தங்க வைத்துக்கொள்கிறான் என்றால் இந்தப் பூ எனக்கு ஒன்றுமில்லை.

சீலி

வாலாஜா
27 செப்டம்பர் 1904

அன்புள்ள சீலிக்கு,

பரீட்சை வேலையில் பதில் தாமதமாயிற்று. கோபிக்காதே. என் சுகத்துக்குக் குறைவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறான். நீ தைத்து அனுப்பிய சட்டை போதவில்லை, கை இறுகுகிறது. தொடையில் இரண்டு மடிப்பு விழுந்திருக்கிறது. வேப்பமரத்து நிழலில் போட்டால் இலையைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறான். இங்கே சத்தமே இல்லாததால் நல்ல தூக்கம். பார்க்கிறவர்களெல்லாம் வாலாஜாத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்கிறார்கள். நான் சொல்லும்வரை நீ அவசரப்பட்டு வராதே. வழியெல்லாம் காய்ச்சல் என்று கேள்வி. உன்னைப் பார்த்துவிட்டுப் பிரிந்தால் மறுபடி ஏங்கிப்போவான்.

உன் அக்கா
ஐடா

கோரமண்டல் லைன்
9 அக்டோபர் 1904

பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவருக்கு வாசித்தேன். பிறகு பாப்பம்மாவுக்கு வாசித்தேன். குழாயடியிலும் வாசித்தேன். தொடை மடிப்பு என்று வந்த இடத்தில் எல்லோரும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். பாப்பம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “நானு சொல்லல? மில்லுதாம்மா. எல்லாம் மில்லுதான்” என்று தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

கடைசி வீட்டு மங்கம்மாவின் பெண்ணும் நம் ஓபேத் மாதிரிதான், ஓயாமல் கக்குகிறது. அவனுக்கு ஒரு மாதம் மூத்தது. நீயும் குடியாத்தத்துக்கு உன் அக்காள் வீட்டுக்கு அனுப்பு என்று நானே போய்ச் சொன்னேன். என்னைக் காட்டியே எல்லோரும் அவளை நெருக்குகிறார்கள். அவள் அசையவில்லை. “கக்கினா தொடச்சிக்கிறேன் போ. எம்புள்ள எம்மடியில கெடக்கட்டும்” என்கிறாள். கல்நெஞ்சக்காரி என்று லைனில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இவர் சுவரைப் பிடித்து நிற்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஓபேத்தைக் கூட்டிக்கொண்டு நீயே வந்துவிடு. மில் சத்தம் இரண்டு நாளைக்கு ஒன்றும் செய்யாது. பார்த்துவிட்டுத் தருகிறேன்.

சீலி

வாலாஜா
30 நவம்பர் 1904

அன்புள்ள சீலிக்கு,

பனியில் எனக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

கிறிஸ்துமஸ் இந்த வருஷம் வேண்டாம். தங்கவயல் குளிர் உனக்கே தெரியும். மார்கழி போகட்டும், தை போகட்டும். ஈஸ்டருக்குப் பார்க்கலாம். குழந்தைக்கும் அதற்குள் கால் ஊன்றிவிடும்.

பிள்ளை இப்போது கெட்டிக்காரன். கேப்பைக்கூழ் குடிக்கிறான். போன மாதத்திலிருந்து பிடிமானமில்லாமல் உட்காருகிறான். உட்கார ஆரம்பித்தபின் என் தோள் நனைவதில்லை, மார்த்தாளுக்கும் துணி துவைக்கிற வேலை பாதியாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் காலடிச் சத்தத்துக்கே இரண்டு கையையும் தூக்கிவிடுகிறான். அந்த நேரத்தில் எனக்கு எந்த வியாதியும் இல்லை சீலி.

ஐடா

கோரமண்டல் லைன்
8 டிசம்பர் 1904

ஐடா அக்காவுக்கு,

இவருக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு அடுப்பில் சோறு வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். உட்கார ஆரம்பித்தபின் தோள் நனைவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உட்காருகிறவரை நனைந்தது. ஆகஸ்டில் நனைந்தது, செப்டம்பரில் நனைந்தது. மில் இல்லாத ஊரில், பல்லி சத்தம் கேட்கிற வீட்டில், உன் தோள்மேல் என் பிள்ளை தினமும் கக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

உடனே மங்கம்மா வீட்டுக்குப் போனேன். அவள் பெண் வாசலில் உட்கார்ந்து முறத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. “இன்னும் கக்குதா?” என்றேன். “குந்த ஆரம்பிச்சதுலர்ந்து நின்னுபோச்சுக்கா” என்றாள். பின்னால் மில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தவள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாங்கள் முட்டாள்கள் அக்கா. லைனில் இருக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் மில்லைத்தான் சொல்வோம். உனக்கு எப்போது தெரியும்? டாக்டர் அம்மாள் பயப்பட ஒன்றுமில்லை என்றதோடு நிறுத்தினார்களா? கக்குகிறானா என்று நான் கேட்டேன். மார்மேல் பூவைக் கட்டிக்கொண்டு கேட்டேன். நீ தொடை மடிப்பைப் பற்றி எழுதினாய். கக்குகிறான் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இவரைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டாவது வந்திருப்பேன். அப்போது எனக்குப் பால் இருந்தது.

இவர் கோல் ஊன்றி நடக்கிறார். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் வருகிறோம். பிள்ளையைத் தயாராக வை.

ஜெயசீலி

வாலாஜா
14 டிசம்பர் 1904

சீலிக்கு,

வா.

டாக்டர் அம்மாள் சொன்னதை முழுக்க எழுதிவிடுகிறேன். பாலைக் கக்குவது பிஞ்சு வயிற்றின் இயல்பு, உட்கார ஆரம்பித்ததும் தானே நின்றுவிடும், ஊரும் சத்தமும் காரணமில்லை, முடிந்தால் பெற்றவளிடமே கொண்டுபோய் விடு என்றார்கள். ஆகஸ்ட் மாதமே சொன்னார்கள். அன்றைக்கே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

உனக்கு எழுதியதில் பொய் ஒன்றுகூட இல்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறவள் அல்லவா, எதை விடவேண்டும் என்று தெரியும்.

அவன் துணிகளைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஐடா

கோரமண்டல் லைன்
11 ஜனவரி 1905

அக்காவுக்கு,

உன் சுகத்துக்கு எழுது. இவர் மறுபடி வேலைக்குப் போகிறார், சுரங்கத்துக்குள்ளே அல்ல, மேலே. அதற்கு ஸ்தோத்திரம்.

உன் வீட்டு வாசலில் நான் உன்னோடு பேசாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு வண்டி ஏறியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன்மேல் கோபம் போகவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஓபேத் எதையும் கக்குவதில்லை. கக்குவதற்கு உள்ளே ஏதாவது போகவேண்டும் அல்லவா? நான் கிண்ணத்தை எடுத்தால் வாயை இறுக்கிக்கொள்கிறான். பாப்பம்மா ஊட்டினால் நாலு வாய் வாங்குகிறான். மில் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுகிறான். இங்கே பிறந்த பிள்ளை, அந்தச் சத்தத்தை வயிற்றிலிருந்தே கேட்டவன், இப்போது பயப்படுகிறான். நான் தூக்கினால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறான். மாலையானால் வாசலுக்குத் தவழ்ந்து போய் உட்கார்ந்து, யார் காலடி கேட்டாலும் அம்மா என்கிறான். வருகிறவளின் முகத்தைப் பார்த்ததும் அழுகிறான். உள்ளே திரும்பி என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நேற்று இவர் சொன்னார்: “கோவத்த அப்பால வெச்சிக்கலாம் சீலி. புள்ள எளச்சிக்கினே போறான். அண்ணிய வரச்சொல்லு.” நான் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன். இன்றைக்குக் காலையில் அவன் விலா எலும்பு என் கையில் தட்டுப்பட்டது. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுப் புறப்பட்டு வா அக்கா. இவர் ரயிலடிக்கு வருவார். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. கூழ் நீயே ஊட்டு, நீயே தூங்க வை, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவன் உன் மடியில் இருக்கும்போது என்னைக் கைகாட்டி, இவள்தான் அம்மா என்று சொல். நான் சொன்னால் அவன் நம்பவில்லை.

சீலி